ஃபங்க்டர், மாட்யூல், வடிவியல்: திண்ணை வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஊர் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையில் கரும்பலகையைச் சாய்த்து வைத்தால் ஏழெட்டுப் பேர் வந்துவிடுவார்கள். பாலக்காடு, சித்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்ஸி. படிக்கிறவர்கள் பாதி, பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி பஸ்ஸில் வருகிறவர்கள் மீதி. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் என்னை "மாஷே" என்பார்கள், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் "சார்" என்பார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், பாடப்புத்தகம் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள் பலர். ஒரே கேள்வி வருஷா வருஷம் வேறு வேறு வார்த்தையில் வந்துகொண்டே இருக்கிறது. எழுதி வைத்துவிட்டால் என் தொண்டைக்கு நல்லது என்று தோன்றியது.

எம்.எஸ்ஸி. முதல் வருஷ இயற்கணிதம் தெரிந்தால் போதும். குறியீடுகளை வகுப்பில் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். ஏ என்றால் பரிமாற்று வளையம், எம் என்றால் அதன் மேல் ஒரு மாட்யூல், கே என்றால் களம் (கலப்பெண்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்), எக்ஸ், ஒய், டி எல்லாம் மாறிகள்.

மாட்யூல் என்பது வெக்டர் வெளிதானே? எதற்குத் தனிப் பெயர்?

வெக்டர் வெளியில் ஸ்கேலர்கள் களத்திலிருந்து வருகின்றன, மாட்யூலில் வளையத்திலிருந்து. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் வளையத்தில் நினைத்தபடி வகுக்க முடியாது என்பதால் எல்லாமே மாறிவிடுகிறது. முழுக்கள் மாடுலோ 6-ஐ எடுங்கள். அதில் 3 பூஜ்ஜியமில்லை, ஆனால் 2-ஆல் பெருக்கினால் பூஜ்ஜியமாகிவிடும். வெக்டர் வெளியில் இது நடக்கவே நடக்காது. பேசிஸ் இருக்கும் என்ற நம்பிக்கையை இங்கேயே விட்டுவிட வேண்டும்.

இன்னொரு உதாரணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை அதுதான் உதவும். டி-யின் பல்லுறுப்புக்கோவைகள் ஒரு வளையம். அதன் மேல் ஒரு மாட்யூல் என்பது ஒரு வெக்டர் வெளியும் அதன் மேல் ஒரு நேரியல் உருமாற்றமும் சேர்ந்தது. டி-யால் பெருக்குவதுதான் அந்த உருமாற்றம். ஜோர்டன் வடிவம் படித்தவர்கள் எல்லாம் பெயர் தெரியாமல் மாட்யூல் படித்தவர்கள்தான்.

எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சொல் போட்டால் என்ன?

இருக்கிற சொல்லைப் போடுகிறேன். குலம், வளையம், களம் பழகிப்போனவை. மாட்யூலுக்கும் ஃபங்க்டருக்கும் நான் ஒரு சொல் செய்தால் அது இந்தத் திண்ணையோடு நின்றுவிடும். தமிழ்ச் சொல்லிலும் சறுக்கல் உண்டு. பரவளையத்தில் வளையம் எங்கே இருக்கிறது என்று ஒரு பையன் அரை மணி நேரம் தேடியிருக்கிறான். அது வெறும் வளைவரை, கூட்டல் பெருக்கல் வளையத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

சரி, ஃபங்க்டர் என்றால்?

ஒவ்வொரு மாட்யூலுக்கும் இன்னொரு மாட்யூலை ஒதுக்குகிறோம். அதோடு நிற்காமல், எம்-இலிருந்து என்-க்குப் போகும் ஒவ்வொரு ஹோமோமார்ஃபிசத்துக்கும் அந்தந்த ஒதுக்கீடுகளுக்கு நடுவே ஒரு ஹோமோமார்ஃபிசத்தையும் ஒதுக்குகிறோம். சும்மா இருக்கும் மேப் சும்மா இருக்கும் மேப்பாகவே போக வேண்டும். இரண்டை அடுத்தடுத்துச் செய்தால், அவற்றின் ஒதுக்கீடுகளும் அதே மாதிரி அடுத்தடுத்து அமைய வேண்டும். ஐலன்பெர்க், மக்லேன் இருவரும் 1940-களில் இந்தச் சொல்லை இந்தப் பொருளில் வைத்தார்கள்.

மாட்யூல்கள் மேல் இரண்டு ஃபங்க்டர்கள் எப்போதும் கையில் இருக்க வேண்டும். ஒன்று ஹோம்: ஒரு மாட்யூல் பி-யைப் பிடித்துக்கொண்டு, எம்-க்கு "பி-யிலிருந்து எம்-க்குப் போகும் எல்லா மேப்களும்" என்பதை ஒதுக்குவது. இன்னொன்று டென்சர்: எம்-க்கு "பி டென்சர் எம்" என்பதை ஒதுக்குவது.

எதை ஒதுக்கினாலும் ஃபங்க்டர் ஆகிவிடாது. ஒவ்வொரு குலத்துக்கும் அதன் மையத்தை ஒதுக்கிப் பாருங்கள். இரண்டு உறுப்புள்ள குலத்தை மூன்று பொருள்களின் வரிசைமாற்றக் குலத்துக்குள் அனுப்பலாம். முன்னதன் மையம் அது முழுவதும். பின்னதன் மையத்தில் ஒரே உறுப்பு. முன்னதன் மையம் பின்னதன் மையத்துக்குள் போய் உட்காராது. மேப்கள் கூட வர மறுத்தால் அது ஃபங்க்டர் இல்லை.

இடது எக்ஸாக்ட், வலது எக்ஸாக்ட் எப்போதும் குழப்புகிறது, மாஷே.

எக்ஸாக்ட் என்றால், முந்தைய மேப்பிலிருந்து வந்து சேர்ந்தவை எவையோ, சரியாக அவைதான் அடுத்த மேப்பில் பூஜ்ஜியமாகும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

நம் ஊருக்கென்றே ஒரு உதாரணம் இருக்கிறது. மலையாளத்தில் வியாசர் சொன்ன கதையும் பீமன் தூக்கிய கதையும் இரண்டு வார்த்தை, எழுத்தே வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் கதைதான். அங்கே தனித்தனியாக இருந்தவை இங்கே வரும்போது ஒன்றாகிவிட்டன. டென்சர் செய்யும் தவறு இதே ரகம்: ஒன்றுக்கொன்றான மேப்பைக் கொடுத்தால் ஒன்றுக்கொன்றாகவே திருப்பித் தரும் என்று உத்தரவாதமில்லை.

கையால் செய்து பார்க்கலாம். முழுக்களிலிருந்து முழுக்களுக்கு "2-ஆல் பெருக்கு" என்ற மேப். 3 போனால் 6, 5 போனால் 10. இரண்டு வேறு எண்கள் ஒரே இடத்துக்குப் போவதில்லை. இதை முழுக்கள் மாடுலோ 2-ஓடு டென்சர் செய்யுங்கள். இரண்டு பக்கமும் முழுக்கள் மாடுலோ 2 ஆகிறது, மேப் அதே "2-ஆல் பெருக்கு". ஆனால் இங்கே 2 என்பது பூஜ்ஜியம். எல்லாம் பூஜ்ஜியத்தில் போய் விழுகிறது. ஒரு துளிகூட ஒன்றுக்கொன்றாக மிஞ்சவில்லை.

ஆன்டு மேப்பை (போய்ச் சேரும் இடத்தில் ஒன்றையும் விடாமல் தொடுவதை) டென்சர் கெடுக்காது. அதனால் அது வலது எக்ஸாக்ட். ஹோம் நேர்மாறு: ஒன்றுக்கொன்றைக் காப்பாற்றும், ஆன்டுவைக் கெடுக்கும், அதனால் இடது எக்ஸாக்ட். எது எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்யாதீர்கள், இந்த 2-ஆல் பெருக்குவதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி தானாக வரும்.

டார், எக்ஸ்ட் எல்லாம் எங்கிருந்து முளைக்கின்றன?

டென்சர் கெடுத்ததற்குக் கணக்கு எழுதும் நோட்டு டார். ஹோம் கெடுத்ததற்கு எக்ஸ்ட். மேலே பார்த்த உதாரணத்தில் பூஜ்ஜியத்தில் விழுந்த முழுக்கள் மாடுலோ 2 இருக்கிறதே, அதுதான் அங்கே டார்-1. அதற்கு மேல் டார்-2, டார்-3 என்று போகும். முழுக்கள் மேல் அவை எல்லாம் பூஜ்ஜியம். எப்படிக் கணக்கிடுவது என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்கும். எதற்கு என்பதைக் கீழே இரண்டு தளங்கள் வரும் இடத்தில் பாருங்கள்.

ஹோம், டென்சர் தவிர வேறு ஃபங்க்டர்களே கிடையாதா?

நிறைய உண்டு. ஆனால் கொஞ்சம் ஒழுக்கம் கேட்டால் போதும், ஆட்டம் இந்த இரண்டுக்குள் வந்துவிடுகிறது. ஒரு ஃபங்க்டர் வலது எக்ஸாக்டாக இருந்து, நேர்க்கூட்டல்களையும் (எண்ணற்றவை உட்பட) காப்பாற்றினால், அது டென்சர்தான். ஐலன்பெர்க்கும் வாட்ஸும் 1960-இல் தனித்தனியாக இதைக் கண்டார்கள். எதோடு டென்சர்? வளையம் ஏ-யையே அந்த ஃபங்க்டரில் போட்டால் என்ன வருமோ அதோடு.

காரணம் அழகானது. எந்த மாட்யூலையும் ஏ-யின் பல பிரதிகளிலிருந்து ஏ-யின் பல பிரதிகளுக்குப் போகும் மேப்பின் மிச்சமாக (வந்து சேர்ந்தவற்றை எல்லாம் பூஜ்ஜியம் என்று வைத்த பிறகு நிற்பது, கோகர்னல்) எழுதலாம்: இவ்வளவு ஜெனரேட்டர், அவற்றுக்கு நடுவே இவ்வளவு உறவு என்று. ஃபங்க்டர் பிரதிகளையும் மிச்சத்தையும் காப்பாற்றினால், ஏ-யில் அது என்ன செய்கிறது என்று தெரிந்தாலே எல்லா இடத்திலும் தெரிந்துவிடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அந்தப் பழமொழி இவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிற தேற்றம் வேறு எனக்குத் தெரியாது.

வலதுமில்லை இடதுமில்லை, நடுவில் மட்டும் எக்ஸாக்ட் என்று சில ஃபங்க்டர்கள் உண்டு. வடிவியலில் தலைவலியும் சுவாரசியமும் அவற்றில்தான். ஆஸ்லாண்டர் 1960-களில் அப்படிப்பட்டவற்றை ஒழுங்குபடுத்த கோஹிரன்ட் ஃபங்க்டர் என்ற கருத்தைக் கொண்டுவந்தார்: இரண்டு ஹோம் ஃபங்க்டர்களுக்கு நடுவே போகும் ஒரு மேப்பின் மிச்சமாக எழுத முடிகிறவை. ஹார்ட்ஷோர்ன் 1998-இல் அதை வடிவியலுக்குத் திரும்ப எடுத்து வந்தார்.

இதில் வடிவியல் எங்கே இருக்கிறது? ஒரு படம்கூட இல்லையே.

வளையத்தை ஒரு வெளியாகப் பாருங்கள். டி-யின் பல்லுறுப்புக்கோவைகள் ஒரு கோடு. எக்ஸ், ஒய் இரண்டின் பல்லுறுப்புக்கோவைகள் ஒரு தளம். அதில் "ஒய் = எக்ஸ் வர்க்கம்" என்ற உறவைப் போட்டால் பரவளையம். வளையத்தின் மேல் ஒரு மாட்யூல் என்பது, அந்த வெளியில் புள்ளிக்குப் புள்ளி ஒரு வெக்டர் வெளியை நட்டு வைத்த மாதிரி. ஒரு புள்ளியில் என்ன நட்டிருக்கிறது என்று பார்க்க, அந்தப் புள்ளியின் களத்தோடு டென்சர் செய்ய வேண்டும். அதை அந்தப் புள்ளியின் ஃபைபர் என்போம்.

எல்லாப் புள்ளியிலும் ஒரே உயரத்தில் நட்டிருக்க வேண்டும் என்பதில்லை. நம் சாலையோரப் பனைகள் மாதிரி, ஒரு இடத்தில் வரிசையாக நிற்கும், திடீரென்று ஒரு இடத்தில் மட்டும் இரண்டாக நிற்கும். இந்தப் படத்தை 1955-இல் சேர் (ழான்-பியர் சேர், பிரெஞ்சுக் கணிதர்) ஷீஃப் மொழியில் நிறுத்தினார்; ஷீஃப் என்றால் வெளியின் துண்டு துண்டான இடங்களில் இருப்பதை ஒட்டிப் பார்க்கும் ஏற்பாடு. அஃபைன் வெளியில் கோஹிரன்ட் ஷீஃப்களும் முடிவுறு ஜெனரேட்டர்கள் கொண்ட மாட்யூல்களும் ஒன்றுதான் என்ற அந்த அகராதி கைக்கு வந்த பிறகு, வடிவியல் கேள்விகளை மாட்யூல் கேள்விகளாக மாற்றலாம். டென்சர், ஹோம், டார் எல்லாம் அப்போது வடிவியல் கருவிகள்.

ஃப்ளாட் என்பதன் அர்த்தம் எனக்குப் பிடிபடவே இல்லை.

வரையறை சின்னது: எந்த ஒன்றுக்கொன்று மேப்பை அதோடு டென்சர் செய்தாலும் அது கெடாமல் இருந்தால் அந்த மாட்யூல் ஃப்ளாட். 1956-இல் சேர் இதைக் கொண்டு வந்தபோது யாருக்கும் பெரிய படம் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். படம் இதுதான்.

"எக்ஸ் பெருக்கல் ஒய் = டி" என்று எழுதுங்கள், டி-யை மாற்றிக்கொண்டே போங்கள். டி = 5, டி = 1 எல்லாம் அதிபரவளையங்கள். டி = 0 ஆகும்போது இரண்டு கோடுகள் குறுக்காக வெட்டிக்கொள்ளும் சிலுவை. உருவம் மாறிவிட்டது, ஆனால் எதுவும் திடீரென்று முளைக்கவுமில்லை, காணாமல் போகவுமில்லை. இந்தக் குடும்பம் டி-கோட்டின் மேல் ஃப்ளாட்.

இப்போது "எக்ஸ் பெருக்கல் ஒய் = 0" என்ற அதே சிலுவையை எக்ஸ்-கோட்டின் மேல் ஒரு குடும்பமாகப் பாருங்கள். எக்ஸ் = 5 என்றால் ஒய் பூஜ்ஜியமாகத்தான் இருக்க முடியும், ஒரே புள்ளி. எக்ஸ் = 0 என்றால் ஒய் எதுவாகவும் இருக்கலாம், ஒரு முழுக் கோடு. புள்ளி, புள்ளி, புள்ளி, திடீரென்று ஒரு கோடு. இது ஃப்ளாட் இல்லை. மாட்யூலில் இதன் அடையாளம்: ஒய் என்ற உறுப்பு பூஜ்ஜியமில்லை, எக்ஸ்-ஆல் பெருக்கினால் பூஜ்ஜியமாகிவிடுகிறது. முழுக்கள் மாடுலோ 6-இல் 3-ஐ 2 கொன்றதே, அதே கதை. (வியாசர் கதைதான்.)

இரண்டு வளைவரைகள் எத்தனை தடவை வெட்டிக்கொள்கின்றன என்று எண்ண இதெல்லாம் வேண்டுமா?

எளிய இடத்தில் டென்சர் மட்டும் போதும். பரவளையம் ஒய் = எக்ஸ் வர்க்கம், கோடு ஒய் = 0. இரண்டின் வளையங்களையும் டென்சர் செய்தால் மிஞ்சுவது எக்ஸ்-இன் பல்லுறுப்புக்கோவைகள், எக்ஸ் வர்க்கம் = 0 என்ற உறவோடு. பரிமாணம் 2. கண்ணுக்கு ஒரு புள்ளிதான் தெரிகிறது, ஆனால் கோடு தொடுகோடு என்பதை டென்சர் பிடித்துவிட்டது: இரண்டு தடவை வெட்டுகிறது, இரண்டும் ஒரே இடத்தில். கோட்டைக் கொஞ்சம் மேலே தூக்கினால் இரண்டு புள்ளிகளாகப் பிரிந்துவிடும்.

இது எப்போதும் இப்படியே நடந்தால் டார் வேண்டாம். நடப்பதில்லை. நாலு பரிமாண வெளிக்குப் போவோம். மாறிகள் எக்ஸ், ஒய், இசட், டபிள்யூ. முதல் தளம்: எக்ஸ் = ஒய் = 0. இரண்டாம் தளம்: இசட் = டபிள்யூ = 0. நாலு பரிமாணத்தில் இரண்டு தளங்கள் ஒரே ஒரு புள்ளியில் சந்திக்கலாம்; இவை ஆதிப்புள்ளியில் மட்டும் சந்திக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஒரே உருவமாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தளம்: எக்ஸ் = இசட், ஒய் = டபிள்யூ. இது அந்த உருவத்தை எத்தனை தடவை வெட்டுகிறது?

விடை 2 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: முதல் தளத்தை ஒரு தடவை, இரண்டாவதை ஒரு தடவை. மூன்றாம் தளத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாலும் இரண்டு தனிப் புள்ளிகள்தான் வரும். சரி, டென்சர் செய்வோம். இரண்டு தளங்கள் சேர்ந்த உருவத்தின் சமன்பாடுகள் நாலு: எக்ஸ் இசட், எக்ஸ் டபிள்யூ, ஒய் இசட், ஒய் டபிள்யூ, எல்லாம் பூஜ்ஜியம். இசட் இருக்கும் இடத்தில் எக்ஸ், டபிள்யூ இருக்கும் இடத்தில் ஒய் போட்டால், எக்ஸ் வர்க்கம், எக்ஸ் ஒய், ஒய் வர்க்கம் மூன்றும் பூஜ்ஜியம். மிஞ்சுபவை 1, எக்ஸ், ஒய். பரிமாணம் 3.

மூன்று! முதல் தடவை இதைப் போட்டபோது தப்பு என்னுடையது என்று நினைத்துப் பலகையை அழித்து மறுபடி போட்டேன். தப்பு என்னுடையது இல்லை, டென்சர் ஒன்றை அதிகமாக எண்ணுகிறது. டார்-1-ஐக் கணக்கிட்டால் அதன் நீளம் (இங்கே பரிமாணம்தான்) 1; டார்-2-ம் அதற்கு மேலும் பூஜ்ஜியம். 3-இல் 1 போனால் 2. சேர் கொடுத்த சூத்திரம் இதுதான்: டென்சரின் நீளம், கழித்தல் டார்-1, கூட்டல் டார்-2 என்று மாறி மாறிப் போட்டால் சரியான எண் வரும். ஃபங்க்டர் கெடுத்ததைக் கணக்கில் எழுதாமல் விட்டால் புள்ளி எண்ணுவதுகூடத் தப்பாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கோஹோமாலஜி திடீரென்று எகிறுகிறதே, ஏன்?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். எம்.ஃபில். நாளில் இரண்டு வாரம் இதில் நான் விழுந்து கிடந்தேன். வளைவரைகளின் ஒரு குடும்பம், அதன் மேல் ஒரு ஷீஃப். ஷீஃப்பில் வெளி முழுவதும் ஒட்டி வரும் உறுப்புகள் செக்‌ஷன்கள்; அவைதான் எச்-0 என்ற பூஜ்ஜியமாவது கோஹோமாலஜி, அதற்கு மேல் எச்-1 என்று போகும். குடும்பம் முழுவதற்குமான செக்‌ஷன்களைக் கணக்கிட்டு, அதை ஒரு புள்ளிக்குக் கீழிறக்கினால் அந்தப் புள்ளியில் உள்ள வளைவரையின் செக்‌ஷன்கள் வந்துவிடும் என்று எடுத்துக்கொண்டு பத்துப் பக்கம் எழுதினேன். வழிகாட்டி முதல் பக்கத்தைப் பார்த்தார், ஓரத்தில் பென்சிலால் "டி-யால் பெருக்கிப் பார்" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் சொன்னது இது. ஏ என்பது டி-யின் பல்லுறுப்புக்கோவைகள். ஏ-யிலிருந்து ஏ-க்கு "டி-யால் பெருக்கு" என்ற ஒரே ஒரு மேப். எந்த மாட்யூல் எம் வந்தாலும் அதன் மேல் டி-யால் பெருக்கி, பூஜ்ஜியமாகிறவற்றை எச்-0 என்றும், மிச்சத்தை எச்-1 என்றும் எழுதுவோம். எம் = ஏ போட்டால், எச்-0 பூஜ்ஜியம், ஏனென்றால் எந்தப் பல்லுறுப்புக்கோவையும் டி-யால் பெருக்கிப் பூஜ்ஜியமாகாது. அதைப் புள்ளி டி = 0-க்குக் கீழிறக்கினாலும் பூஜ்ஜியம்தான். ஆனால் முதலிலேயே அந்தப் புள்ளியின் களத்தை எம் என்று போட்டால், அங்கே டி என்பதே பூஜ்ஜியம், எல்லாமே பூஜ்ஜியமாகிறது, எச்-0-இன் பரிமாணம் 1.

முதலில் அளந்து பிறகு கீழிறக்கினால் 0. முதலில் கீழிறங்கிப் பிறகு அளந்தால் 1. நம் ஊர்க்காரர்களுக்கு இது புதுசில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. என்று அளப்பார்கள், வாய்க்கால் கடைசி வயலில் நின்று அளந்தால் வேறு கணக்கு. என்ன, வயலில் குறையும், இங்கே கூடுகிறது.

குரோதெண்டிக்கின் தந்திரம் என்ன என்றால், புள்ளிகளை மட்டும் பார்க்காமல் எல்லா எம்-ஐயும் ஒரே நேரத்தில் பார்ப்பது. ஏ-யின் மேல் ஒரு புரொஜெக்டிவ் குடும்பம், ஏ-யின் மேல் ஃப்ளாட்டான ஒரு கோஹிரன்ட் ஷீஃப் (ஏ நோத்தேரியன் என்று வைத்துக்கொள்வோம்). ஒவ்வொரு எம்-க்கும், அந்த ஷீஃப்பை எம்-ஓடு டென்சர் செய்து ஐ-ஆவது கோஹோமாலஜி எடுங்கள். இது ஏ-மாட்யூல்களிலிருந்து ஏ-மாட்யூல்களுக்கு ஒரு ஃபங்க்டர். பெரிய வடிவியல் எல்லாம் உள்ளே ஒளிந்திருக்கிறது, வெளியே தெரிவது மாட்யூல் போனது, மாட்யூல் வந்தது. ஃப்ளாட் என்பதால் அது நடுவில் எக்ஸாக்ட். வலது எக்ஸாக்டா, இடது எக்ஸாக்டா என்ற பழைய கேள்விதான் மிச்சம். வலது எக்ஸாக்ட் என்றால், முதலில் அளப்பதும் பிறகு அளப்பதும் எல்லா எம்-க்கும் ஒன்றே, இல்லையென்றால் இல்லை. திண்ணையில் முதல் வாரம் கொட்டாவி விட்டுக்கொண்டு கேட்ட வரையறை இங்கே வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. இந்த ஃபங்க்டர்கள் எல்லாவற்றையும் ஏ-யின் முடிவுறு பிரதிகளும் அவற்றுக்கு நடுவே சில அணிகளும் கொண்ட ஒரே ஒரு சங்கிலியிலிருந்து எடுத்துவிடலாம் (சின்னத் துண்டுகளாக ஏ-யை வெட்டிக்கொண்டால்). சங்கிலியை எம்-ஓடு டென்சர் செய், கோஹோமாலஜி எடு, முடிந்தது. அணிகளின் உறுப்புகள் ஏ-யில் இருக்கும் சார்புகள். ஒரு புள்ளிக்குப் போனால் அவை எண்களாகும், சில புள்ளிகளில் அணிக்கோவை பூஜ்ஜியமாகி அணியின் தரம் குறையும். தரம் குறைகிற இடத்தில் கோஹோமாலஜி கூடும். எகிறுவது தனிப்பட்ட சில இடங்களில்தான், அங்கே பக்கத்துப் புள்ளிகளைவிட இறங்குவது கிடையாது என்ற தேற்றம் முழுவதும் இந்த அணிக்கோவையிலிருந்து வருகிறது.

உண்மையான வளைவரையில் அப்படி எகிறுவதைக் காட்ட முடியுமா?

எலிப்டிக் வளைவரை ஒன்றை எடுங்கள் (நீள்வட்டம் இல்லை, அது வேறு). அதில் பி-0 என்று ஒரு புள்ளியை ஆணியடித்துவிட்டு, பி என்ற இன்னொரு புள்ளியை நகர்த்துங்கள். கேள்வி: பி-இல் அதிகபட்சம் எளிய போல் (சார்பு முடிவிலிக்குப் போகும் இடம், pole) மட்டும் இருக்கலாம், பி-0-இல் பூஜ்ஜியமாக வேண்டும், இப்படிப்பட்ட சார்புகள் எத்தனை?

ஒரே ஒரு எளிய போல் மட்டும் உள்ள சார்பு எலிப்டிக் வளைவரையில் கிடையாது. அதனால் போலே இல்லாத மாறிலிதான் மிச்சம், அது பி-0-இல் பூஜ்ஜியமாக வேண்டும் என்பதால் பூஜ்ஜியமே. விடை 0. பி நகர்ந்து நகர்ந்து பி-0-ஐத் தொட்டவுடன், போலுக்குக் கொடுத்த அனுமதியும் பூஜ்ஜியமாகச் சொன்ன கட்டளையும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மாறிலிகள் எல்லாம் உள்ளே வந்துவிடும். விடை 1. அதே புள்ளியில் எச்-1-ம் 0-இலிருந்து 1-க்கு எகிறும், அதனால் இரண்டின் வித்தியாசம் எங்கேயும் 0-தான்.

இந்தக் குடும்பத்தின் சங்கிலியை பி-0 அருகில் எழுதிப் பார்த்தால், ஏ-யிலிருந்து ஏ-க்கு "டி-யால் பெருக்கு". பென்சிலால் எழுதிய அந்த வரி.

ஹோம் எக்ஸாக்டாக இருந்தால் என்ன ஆகும்?

பி-யிலிருந்து போகும் ஹோம் எக்ஸாக்ட் என்றால் பி-யை புரொஜெக்டிவ் மாட்யூல் என்போம். வடிவியலில் அது வெக்டர் பண்டில்: உயரம் எங்கேயும் மாறாமல் நட்டு வைத்த வரிசை. பல்லுறுப்புக்கோவை வளையத்தின் மேல் முடிவுறு ஜெனரேட்டர்கள் கொண்ட இப்படி ஒன்று எப்போதும் பேசிஸ் உள்ளதுதானா என்று 1955-இல் சேர் கேட்டு வைத்தார். இரண்டு மாறிகளுக்கு "ஆம்" என்று 1958-இல் நிறுவியவர் சி. எஸ். சேஷாத்ரி, 1932-இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர், பிற்பாடு சென்னை கணிதக் கழகத்தை உருவாக்கியவர். எத்தனை மாறிகள் ஆனாலும் "ஆம்" என்று குவில்லனும் சுஸ்லினும் 1976-இல் தனித்தனியாக முடித்து வைத்தார்கள்.

நெட் பரீட்சைக்கு வருமா?

ஃபங்க்டர் நெட் பாடத்திட்டத்தில் இல்லை. பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் பழைய வினாத்தாளைப் போடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

டி-க்குப் பதில் டி வர்க்கத்தால் பெருக்கினால், சார்?

போன மாதம் பொள்ளாச்சிப் பெண் ஒருத்தி கேட்டது. காற்று அடித்துக்கொண்டிருந்தது, பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே போட்டோம். டி = 0 புள்ளியின் களத்தை எம் என்று போட்டால், எச்-0 ஒன்று, எச்-1 ஒன்று. டி-யால் பெருக்கியபோது வந்த அதே எண்கள். வேறு புள்ளிகளில் இரண்டுக்குமே பூஜ்ஜியம். புள்ளி புள்ளியாகப் பார்க்கிறவருக்கு இரண்டு குடும்பமும் ஒன்றுதான்.

"அப்படியென்றால் இரண்டும் ஒரே ஃபங்க்டரா?" என்றாள். எம்-ஐ மாற்றிப் போடச் சொன்னேன்: டி-யின் பல்லுறுப்புக்கோவைகள், டி வர்க்கம் = 0 என்ற உறவோடு. அதில் இருப்பவை 1-ம் டி-யும், பரிமாணம் 2. டி-யால் பெருக்கினால் 1 போய் டி ஆகிறது, டி மட்டும் பூஜ்ஜியமாகிறது. எச்-0-இன் பரிமாணம் 1. டி வர்க்கத்தால் பெருக்கினால் இரண்டும் பூஜ்ஜியம். எச்-0-இன் பரிமாணம் 2. எந்தப் புள்ளியும் காட்டாத வித்தியாசத்தை, புள்ளியே இல்லாத இந்த எம் காட்டிக் கொடுத்துவிட்டது. அவள் டி கனம் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள், கோபாலபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள்.